டி செல் தூண்டலும் எச்.ஐ.வி. தொற்றும்

ஓய்வில் இருக்கும் டி செல், அயற்பொருளை இனங்கண்டு பெருகத் தொடங்குவதே டி செல் தூண்டல். உடலைக் காக்க நிகழும் இம்மாற்றமே எச்.ஐ.வி.க்கு வழிவிடுகிறது. சிடி4 வகை டி செல்களே இவ்வைரஸின் முதன்மை இலக்கு. அவற்றுள்ளும் தூண்டப்பட்டவையே எளிதில் இரையாகின்றன.

வரலாறு

டி செல்கள் அடங்கிய, இரத்தத்தின் சிறு நிணநீர்ச் செல்கள் வளர்ச்சி முடிந்தவை, இனிப் பிளவுபடாதவை என்றே 1960 வரை கருதப்பட்டது. வெள்ளணுக்களைப் பிரித்தெடுப்பதற்காகச் சிவப்பணுக்களைத் திரளச் செய்ய, ராஜ்மா பயற்றின் புரதச் சாற்றை அப்போது ஆய்வகங்களில் சேர்ப்பார்கள். அச்சாறு பட்ட நிணநீர்ச் செல்கள் சில நாட்களில் பருத்துப் பிளவுபடுவதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பீட்டர் நோவெல் கண்டார். நோயெதிர்ப்பியலின் பெரும் திருப்பம் இது. 1976இல் ராபர்ட் கேலோவின் ஆய்வகம் பின்னாளில் இன்டர்லியூக்கின்-2 எனப் பெயர்பெற்ற வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தது. டி செல்களை நெடுநாள் வளர்க்க அது வழிசெய்தது.

எச்.ஐ.வி. பிடிபட்டது இவ்விரண்டின் துணையால்தான். 1983 சனவரியில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தினர், ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த செல்களுக்கு ராஜ்மா புரதமும் இன்டர்லியூக்கின்-2உம் கொடுத்து வளர்த்தனர். இரண்டு வாரங்களில் வைரஸின் நொதி தென்பட்டது. உடனே செல்கள் மடியவும் தொடங்கின. இரத்தக் கொடையாளரின் நிணநீர்ச் செல்களைச் சேர்த்ததும் அவற்றிலும் வைரஸ் பெருகியது. இப்பணிக்காகப் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொன்தாஞ்ஞே இருவரும் 2008இல் நோபல் பரிசு பெற்றனர்.

செயல்முறை

ஓய்வுச் செல்லுக்குள்ளும் வைரஸ் நுழையும். ஆனால் அதன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் வேலை பாதியில் நின்றுவிடுவதை 1990இல் ஜெரோம் சாக் குழுவினர் காட்டினர். டி.என்.ஏ. கட்டத் தேவையான மூலப்பொருள்கள் ஓய்வுச் செல்லில் மிகக் குறைவு. சாம்எச்டி1 என்ற நொதி அவற்றையும் சிதைத்துவிடுகிறது. தூண்டப்பட்ட செல்லில் இத்தட்டுப்பாடு நீங்குகிறது. வைரஸ் பற்றிக்கொள்ளும் சிசிஆர்5 புரதமும் அதன் மேற்பரப்பில் கூடுகிறது. செல்லின் மரபணுக்களை முடுக்கும் என்எஃப்-கப்பா-பி, வைரஸின் மரபணுக்களையும் சேர்த்தே முடுக்கிவிடுகிறது.

தொற்று வாய்ப்பு

பிறப்புறுப்பு அழற்சியும் ஹெர்பீஸ் புண்ணும் இலக்குச் செல்களை அவ்விடத்தில் குவிப்பதால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு உயர்கிறது. நைரோபியில் பலமுறை வைரஸுக்கு ஆளாகியும் தொற்றாத பாலியல் தொழிலாளர் சிலரின் டி செல்கள் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தன. அவர்களைக் காத்ததில் அந்த அமைதிக்கும் பங்கு இருக்கலாம்.

இன்றைய நிலை

தொற்றிய செல்களுள் சில மீண்டும் ஓய்வுக்குத் திரும்பி, வைரஸை மறைத்து வைக்கின்றன. கூட்டு மருந்துகள் அவற்றை அழிப்பதில்லை. அதனால் மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும்.