பஞ்சுத் தூசியும் திங்கட்கிழமை நோயும்

நாம் குடியிருக்கும் அகமதாபாத்தை இந்தியாவின் மான்செஸ்டர் என்றும், நம்மவர் சிலர் விட்டு வந்த கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்றும் அழைப்பர். இரு பட்டங்களையும் பெருமையுடனேயே சொல்லி வருகிறோம். ஆயின், அசல் மான்செஸ்டரில் பஞ்சாலைத் தொழிலாளியின் மார்புக்கு நேர்ந்தது யாது என்று அறிந்தவர், அப்பெருமையைச் சற்றே தாழ்ந்த குரலில்தான் சொல்வர்.

பஞ்சுப் பொதி ஒன்றின் எடை சுமார் 170 கிலோ. எண்ணையும் எடையையும் சரக்குச் சீட்டில் எழுதுவதோடு இரயில்வே குமாஸ்தாக்களாகிய நம் வேலை தீர்ந்து விடுகிறது. பொதியினுள் பஞ்சோடு காய்ந்த இலைத்தூள், காயின் மேற்சருகு, மண், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் ஆகியனவும் உள்ளன. அவற்றை எந்தச் சீட்டிலும் யாரும் எழுதுவதில்லை. பொதியை உடைத்து அடிக்கும் புளோ ரூமிலும், பஞ்சைச் சீவும் கார்டிங் பகுதியிலும் அவை தூசியாக எழுந்து மூச்சுக் குழல்களில் இறங்குகின்றன.

இத்தீங்கு பழமையானது. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, சணல் சீவுவோரின் இருமலை 1700-இலேயே எழுதி வைத்தார். மான்செஸ்டரில் பணியாற்றிய மருத்துவர் கே, நூற்பாலையாரின் நெஞ்சு நோயைப் பற்றி 1831-இல் எழுதினார். பெல்ஜியத்துக் கெண்ட் நகரில் 1845-இல் இரு மருத்துவர்கள் செய்த விசாரணையே நம் மனத்தைப் பெரிதும் கவர்வது. வாரக் கடைசியைவிடத் திங்களிலும் செவ்வாயிலுமே தூசி தம்மை அதிகம் வருத்துகிறது என்று தொழிலாளர் அவர்களிடம் கூறினர். ஓய்வுக்குப் பின் மார்பு இறுகுவதே இந்நோயின் முதல் அடையாளம் என்று பிற்கால மருத்துவம் ஒப்புக் கொண்டது. அதை முதலில் கண்டறிந்தவர் மருத்துவர் அல்லர், தொழிலாளரே என்க.

நம் மாநிலத்தின் பெயரும் இவ்வரலாற்றில் வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பஞ்சு வரத்து குன்றவே, லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சை வரவழைத்தன. சூரத் பஞ்சு என வழங்கிய அதில் அழுக்கு மிகுதி. அது தொழிலாளர் உடலைப் படுத்தும் பாட்டை லீச் என்னும் மருத்துவர் 1863-இல் லான்செட் இதழில் விவரித்தார். அதற்கு இரண்டாண்டுகள் முன்னர்த்தான், 1861-இல், ரஞ்சோட்லால் சோட்டாலாலின் ஆலை அகமதாபாத்தில் ஓடத் தொடங்கியது. அதே பஞ்சை இங்கும் அடித்தனர். இங்குள்ள இருமலை எழுத ஒரு லீச் அன்று இருந்ததாகத் தெரியவில்லை. 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தையும் இயந்திரங்களுக்கு வேலியிடுவதையும் பற்றிப் பேசியது.

நோய்க்குப் ‘பிஸினோசிஸ்’ என்ற பெயர் 1877-இல் பிரான்சில் பிறந்தது. இங்கிலாந்தில் 1941 முதல் இதற்கு நஷ்டஈடு கிடைத்தது. அந்நாட்டு மருத்துவர் ஷில்லிங், 1950-களில் இதனைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார்: முதலில் ஓய்வு கழிந்த நாளில் மட்டும் இறுக்கம், பின்னர் எல்லா வேலை நாட்களிலும், முடிவில் வேலையை விட்டாலும் நீங்காத மூச்சுத் திணறல். முதற்படியில் தூசியை விட்டு விலகினால் குணமுண்டு. கடைசிப் படியில் இல்லை. பீடி குடிப்பவருக்குக் கேடு இரட்டிப்பு. அமெரிக்கா 1978-இல் நூற்புப் பகுதிகளில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.2 மில்லிகிராம் தூசியே இருக்கலாம் என்று விதித்தது. ஆலை முதலாளிகள் வழக்காடியும் 1981-இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியை நிலைநிறுத்தியது.

நம் நாட்டிலும் நஷ்டஈட்டுச் சட்ட அட்டவணையில் இந்நோய் இடம் பெற்றுள்ளது. 1966-இல் தோன்றிய தொழில்சார் நலவாழ்வு ஆராய்ச்சி நிலையமும் அகமதாபாத்திலேயே இருக்கிறது. ஆயினும் இடர் ஒன்றுண்டு. இந்நோய்க்கென்று தனி அடையாளம் எதையும் எக்ஸ்ரே படம் காட்டாது. மூச்சின் அளவைப் பணிக்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும். எந்தப் பகுதியில் எத்தனை ஆண்டு உழைத்தார் என்று கேட்டறிய வேண்டும். 1980-களிலும் 90-களிலும் இங்கு ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. கார்டிங் பகுதியில் இருபதாண்டு நின்ற பெரியவர் இன்று இருமிக்கொண்டு வந்தால், அதனை மெய்ப்பிக்க அவரிடம் உள்ளது பெரும்பாலும் அவர் வாய்ச்சொல் ஒன்றே.