வடபழனியில் வெடித்த துப்பாக்கி



பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பது நம் இலக்கண ஆசிரியர்களின் கொள்கை. நூலுக்குள் நுழைபவனுக்கு அதன் பொருளையும் பயனையும் முன்கூட்டியே அறிவிப்பது பாயிரத்தின் வேலை. நம் தெருக்கூத்திலும் இவ்வழக்கமே உண்டு. இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்பர். வேடதாரி அதன் பின்னே நின்று பாடுவான். கட்டியக்காரன் அவனை யாரென்று வினவுவான். திரை விலகும்போது வந்திருப்பவன் துரியோதனனா வீமனா என்ற ஐயம் அவையில் ஒருவருக்கும் இராது. தமிழ்த் திரைப்படம் கூத்துக்கும் நாடகத்துக்கும் பிறந்த பிள்ளை. ஆகவே பாட்டோடு தோன்றித் தன்னை அறிவித்துக்கொள்ளும் கதாநாயகனை அது நெடுங்காலம் பேணி வந்தது.

ஆனால் மர்மப் படம் என்று ஒரு வகை இருக்கிறது. அதன் பாயிரம் அறிவிக்கக் கூடாது, மறைக்க வேண்டும். அதே சமயம் பார்ப்பவரை ஏமாற்றவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இதற்கு விடை தேடி நாம் வெகு தொலைவு போக வேண்டியதில்லை. சென்னை வடபழனியில், ஆர்க்காடு சாலையில், அந்த விடை உருவான இடம் இருக்கிறது.

வடபழனி என்றதும் முருகன் கோயில் நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவன படப்பிடிப்பு நிலையங்கள். காரைக்குடியில் தம் நிலையத்தை நடத்தி வந்த ஏ. வி. மெய்யப்பன் 1948-ஆம் ஆண்டில் அதைச் சென்னைக்கு மாற்றினார். அதுவே இன்று நாம் காணும் ஏ.வி.எம். அருகிலேயே விஜயா வாகினி நிலையம் வளர்ந்தது. அந்நிலத்தில் இன்று மருத்துவமனையும் வணிக வளாகமும் நிற்கின்றன. ஏ.வி.எம். வளாகத்திலோ 2023-இல் ஒரு பாரம்பரியக் காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய படக்கருவிகளை அங்கே நீங்கள் நேரில் காணலாம்.

இந்த ஏ.வி.எம். நிறுவனத்தின் படைப்பாக 1954 ஏப்ரல் 13-ஆம் நாள் வெளிவந்த படம் ‘அந்த நாள்’. இயக்கியவர் எஸ். பாலசந்தர், பின்னாளில் வீணை வித்துவானாக உலகம் அறிந்தவர். அப்போது அவருக்கு வயது 27. திரைக்கதையும் வசனமும் ஜாவர் சீதாராமன். ஒளிப்பதிவு எஸ். மாருதி ராவ். அப்படத்தில் பாட்டு ஒன்றுகூட இல்லை. நடனமும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. பாட்டை நம்பியே படம் எடுத்த காலத்தில் இது எத்தகைய துணிவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

படம் தொடங்கிய உடனே துப்பாக்கி வெடிக்கிறது. ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் குண்டடி பட்டு வீழ்கிறான். ராஜனாக நடித்தவர் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’யின் வாயிலாக 1952-இல் புகழின் உச்சிக்கு ஏறியவர் அவர். அவரைக் காண்பதற்கென்றே காசு கொடுத்து வந்த மக்கள், இருக்கையில் நன்றாக அமர்வதற்கு முன்பே அவர் இறந்து கிடப்பதைக் கண்டார்கள். கூத்தில் திரை விலகியதும் அரசன் தோன்றுவான். இங்கே திரை விலகியதும் அரசன் மாண்டான். சுட்டவர் யார் என்பதை மட்டும் காமிரா காட்டவில்லை.

இதற்குப் பின்னணியாகப் பாலசந்தரும் சீதாராமனும் எடுத்துக்கொண்டது நம் நகரத்தின் மெய்யான வரலாறு. 1943 அக்டோபர் 11-ஆம் நாள், இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய விமானம் சென்னையின்மீது குண்டு வீசிச் சென்றது. விளைந்த சேதம் பெரிதன்று. ஆனால் அச்சம் பெரிது. முந்தைய ஆண்டு ஏப்ரல் மாதத்திலேயே படையெடுப்புக்கு அஞ்சி ஏராளமான குடும்பங்கள் நகரைவிட்டு வெளியூர்களுக்குச் சென்றிருந்தன. படம் வெளிவந்தபோது இவை நடந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தாம் கழிந்திருந்தன. அரங்கில் அமர்ந்திருந்தவர்களுள் பலர் அந்த அச்சத்தைத் தாமே அனுபவித்தவர்கள். ‘அந்த நாள்’ என்ற தலைப்பைக் கண்டதும் அவர்கள் நெஞ்சில் பாதிக் காட்சி எழுந்திருக்கும். மீதிப் பாதியைத்தான் இயக்குநர் வரைய வேண்டியிருந்தது.

மர்மப் படத்தின் தொடக்கத்தைத் திட்டமிட விரும்பும் மாணவன் கற்க வேண்டிய முதற் பாடம் இதுவே. இடமும் நாளும் மெய்யாக இருத்தல் வேண்டும். பொதுவான ஓர் ஊர், பொதுவான ஓர் இரவு என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு புகையை எழுப்பினாலும் அச்சம் பிறவாது. திருவல்லிக்கேணித் தெரு, இன்ன நாள், இன்ன நேரம் என்று குறித்துவிட்டால் பார்ப்பவன் அந்தத் தெருவில் தானே நிற்கிறான்.

இரண்டாவது, முகம். மெய்யப்பன் ராஜன் வேடத்துக்கு முதலில் எஸ். வி. சகஸ்ரநாமத்தை எண்ணினார், பிறகு கல்கத்தா விசுவநாதனை வைத்துப் படப்பிடிப்பும் நடந்தது. எடுத்தவரையில் ஒதுக்கிவிட்டு, சிவாஜி கணேசனைக் கொண்டு மீண்டும் தொடங்கினார்கள். பொருட்செலவைப் பாராமல் இதைச் செய்தமைக்கு ஒரு பயன் விளைந்தது. அறிமுகமற்ற ஒருவன் முதற்காட்சியில் இறந்தால் அது செய்தி. மக்கள் நேசிக்கும் ஒருவன் இறந்தால் அது வினா. யார் வீழ்கிறான் என்பதும் தொடக்கக் காட்சியின் அமைப்பில் ஒரு பகுதியே.

மூன்றாவது, ஒளி. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறங்கள் துணைக்கு வாரா. வெளிச்சமும் நிழலும்தாம் மொழி. அறை முழுவதையும் ஒரே சீராக விளக்கேற்றிக் காட்டினால் மறைப்பதற்கு இடமில்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளியை விட்டால் முகத்தின் மறு பாதி இருளில் ஆழ்கிறது. பார்ப்பவன் மனம் அந்தப் பாதியை ஆராயத் தொடங்குகிறது. மாருதி ராவ் இந்த நுட்பத்தை நன்கு கையாண்டவர். விளக்கை எங்கே வைப்பது என்பதைவிட எங்கே வைக்காமல் விடுவது என்பதை முடிவு செய்வதே கடினம். இதற்குப் பணம் வேண்டியதில்லை, முன்யோசனைதான் வேண்டும்.

மறைத்தலின் ஆற்றலை உலகுக்கு உணர்த்திய படம் ஒன்றை இங்கே குறிப்பிடுவேன். ஜெர்மானிய இயக்குநர் பிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த ‘எம்’ என்னும் படம். ஒரு சிறுமி பந்தை ஒரு தூணில் எறிந்து எறிந்து பிடிக்கிறாள். அந்தத் தூணில் கொலைகாரனைப் பற்றிய அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. அதன்மீது ஒரு மனிதனின் நிழல் விழுகிறது. பிறகு வீட்டில் தாய் காத்திருக்கிறாள். மாடிப்படி வெறுமையாக இருக்கிறது. உணவு மேசையில் தட்டு வெறுமையாக இருக்கிறது. முடிவில் புல்வெளியில் பந்து மட்டும் உருண்டு வந்து நிற்கிறது. சிறுமியின் பலூன் கம்பிகளில் சிக்கித் தவிக்கிறது. கொலை காட்டப்படவேயில்லை. ஒரு பந்து, ஒரு பலூன், ஒரு நிழல், ஒரு வெற்றுத் தட்டு. இந்நான்கு பொருள்களைத் திரட்ட எந்தக் கல்லூரி மாணவனால் இயலாது?

பொருள்களைத் தெரிந்தெடுக்கும் கலையில் பாலசந்தரும் வல்லவர். 1964-இல் அவர் எடுத்த ‘பொம்மை’ என்னும் படத்தில் வெடிகுண்டை உள்ளே வைத்த ஒரு விளையாட்டுப் பொம்மை கை மாறிக்கொண்டே போகிறது. பொம்மையைக் கண்டு அஞ்சுவார் இல்லை. அதனுள் இருப்பதை அறிந்தபின் அஞ்சாதாரும் இல்லை.

இனி ‘அந்த நாள்’ படத்தின் உள்ளமைப்புக்கு வருவோம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’, 1950-இல் வெளிவந்து, மறு ஆண்டு வெனிஸ் விழாவில் முதற்பரிசு பெற்றது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறாகச் சொல்லும் அதன் முறை பாலசந்தரைக் கவர்ந்தது. அம்முறையில் அவர் எழுதிய நாடகம் முதலில் வானொலிக்கு அனுப்பப்பட்டு, ஏற்கப்படாமல் திரும்பியது என்பர். வானொலிக்கு அது ஒரு நட்டம், திரைக்கு வரவு! ஆயினும் காதுக்காக எழுதப்பட்ட கதையின் தடம் படத்தில் அழியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கதையை இயக்கிவிடுவது ஒரு வெடியோசை. அடுத்த வீட்டுச் சின்னையா பிள்ளை அதைக் கேட்டுக் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார். கண்ணுக்குரியவற்றைத் திட்டமிடும்போதே காதுக்குரியதையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து நாம் கொள்ளும் நான்காவது பாடம்.

துப்பறியும் அதிகாரி விசாரிக்கும்போது சின்னையா பிள்ளை ராஜனின் தம்பியை ஐயுறுகிறார், தம்பி தன் மனைவியை ஐயுறுகிறான், அவள் வேறொருத்தியை, அந்த வேறொருத்தியோ சின்னையா பிள்ளையையே. ஐயம் வட்டமாகச் சுற்றி வருகிறது. சுட்டவர் யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பார்த்து முடித்தபின் முதற்காட்சியை மறுபடியும் ஒருமுறை பாருங்கள். அது உங்களிடம் பொய் சொல்லவில்லை என்பது விளங்கும். உண்மையின் ஒரு பகுதியை மட்டுமே காட்டியது. மற்றப் பகுதியைக் காலம் வரும்வரை காத்து வைத்தது. முடிவைத் தீர்மானித்த பின்னரே தொடக்கத்தை வரைய வேண்டும் என்பது இதனால் பெறப்படும். இறுதியை அறியாமல் தொடக்கத்தைப் படமாக்குபவன் மறைப்பதற்கு ஒன்றும் இல்லாமையால் வீணே மிரட்டுவான்.

இத்தகைய படம் வெளியானவுடன் வெற்றி பெற்றதா என்று கேட்பீர்கள். இல்லை. பாட்டை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. பிறகு மத்திய அரசின் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. எழுபது ஆண்டுகள் கடந்தும் அது பேசப்படுகிறது.

மாணவர்களால் பெரிய படங்களைப்போல் செய்ய இயலுமா என்ற ஐயமும் எழலாம். அதற்கு விடையாக வந்தது 1986 ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளியான ‘ஊமை விழிகள்’. அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள் கூடி எடுத்த மர்மப் படம் அது. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கினார். அகலத் திரையில் ஆளரவமற்ற வெளியும், அதில் வரும் குதிரை வண்டியும், ஒரு கிழவியும் தமிழ்நாட்டையே நடுங்க வைத்தன. குதிரை வண்டியைக் காணாத தமிழர் உண்டோ? பழகிய பொருளை எதிர்பாராத இடத்தில் நிறுத்தியதே அவர்கள் செய்த வித்தை.

ஆகவே மாணவர்களே, கையில் காமிராவை எடுப்பதற்கு முன் ஒரு குறிப்பேட்டை எடுங்கள். பக்கத்தின் ஒரு புறம் கட்டம் கட்டமாகப் படம் வரையுங்கள்; ஓவியம் அழகாயிருக்க வேண்டுவதில்லை. மறுபுறம், இடம் எது, நேரம் எது, ஒளி எத்திசையிலிருந்து வருகிறது, என்ன ஓசை கேட்கிறது என்று எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் இன்னும் ஒரு வரி சேருங்கள்: இதில் நான் எதை மறைக்கிறேன், ஏன் மறைக்கிறேன்? இவ்வினாவுக்கு நேர்மையான விடை கிடைக்காத கட்டத்தை அடித்துவிடுங்கள்.

இன்று காமிரா ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அந்நாளில் படச்சுருளின் விலைக்கு அஞ்சியே ஒவ்வோர் அடியையும் சிந்தித்து எடுத்தார்கள். செலவின்றிப் படமெடுக்கும் வசதி உங்களுக்கு வாய்த்திருக்கிறது. சிந்தித்து எடுக்கும் வழக்கத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வடபழனியில் வெடித்த அந்த ஒரு துப்பாக்கியின் ஓசை இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் கேட்பது, அது உரக்க வெடித்ததனால் அன்று. எங்கே, எப்போது, யார்மீது வெடிக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்யப்பட்டதனால்தான்.