பூந்திக்கொட்டையில் துணி துவைக்க முடியுமா? எந்தத் துணிக்குச் சரி, எதற்குச் சரிவராது?

'கெமிக்கல் இல்லாத' துணி துவைக்கும் லிக்விடை வீட்டிலேயே செய்வது எப்படி என்று தேடினால், அதிகம் கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று பூந்திக்கொட்டை. மற்றொன்று சமையல் சோடாவும் வினிகரும் கலந்த கலவை. முதலாவது வேலை செய்யும். இரண்டாவது பொங்கி வருவதைப் பார்க்க நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

காரணம் எளிது. சோடா காரத்தன்மை கொண்டது, வினிகர் அமிலம். கலந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். அதில் அழுக்கை எடுக்கும் பொருள் எதுவும் இல்லை. இன்னொரு எச்சரிக்கை: குளோரின் ப்ளீச்சுடன் வினிகரைச் சேர்க்கவே கூடாது. நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வரும்.

பூந்திக்கொட்டை எப்படி அழுக்கை எடுக்கிறது?

வட இந்தியாவில் ரீத்தா என்பார்கள். நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். இதன் தோலில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறில் ஒரு பகுதி தண்ணீருடனும், மற்றொரு பகுதி எண்ணெய்ப் பிசுக்குடனும் ஒட்டும். டிடர்ஜென்ட் செய்வதும் இதே வேலைதான். உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் வெள்ளையாகத் திரியுமே, அந்தத் தொல்லையும் இதில் இல்லை.

கொட்டைகளைத் துணிப்பையில் கட்டி மெஷினில் போடச் சொல்பவர்கள் உண்டு. பச்சைத் தண்ணீரில் சபோனின் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் கொதிக்க வைப்பதே மேல். விதை நீக்கிய 15 கொட்டைகளின் தோலை 1 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். ஒரு முறை துவைக்க அரை டம்ளரில் தொடங்கி, போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ளலாம்.

பட்டுக்கும் கம்பளிக்கும் இது நல்ல பொருத்தம். காரம் அதிகமுள்ள சோப்புத் தூள் அந்த இழைகளைக் கெடுக்கும். பள்ளிச் சீருடையின் காலர், மஞ்சள் கறை, மெக்கானிக் சட்டை கிரீஸ் இதற்கெல்லாம் இதை நம்ப வேண்டாம். கறையைச் சிதைக்கும் என்சைமோ, வெள்ளையைப் பளிச்சிட வைக்கும் பொருளோ இதில் கிடையாது. வெள்ளைத் துணி நாளாக நாளாக மங்கலாகத் தெரியும்.

'இயற்கை' என்பதால் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சபோனின் மீன்களுக்கு விஷம். இந்தக் காயை நசுக்கி நீரில் போட்டு மீன் பிடிக்கும் வழக்கமே இருந்திருக்கிறது. எனவே துவைத்த தண்ணீரைக் குளத்திலோ மீன் தொட்டி அருகிலோ ஊற்றாதீர்கள்.

கரைசல் வெளியில் இருந்தால் இரண்டு, மூன்று நாளில் புளித்து நாறத் தொடங்கும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வரை வைக்கலாம். ஐஸ் ட்ரேயில் உறையவைத்தால் இன்னும் தாங்கும். குழந்தைகள் குடிக்கும் பானம் என்று எடுத்துவிடாதபடி பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.