கதைக் கால வரிசையும் வெளியீட்டு வரிசையும்: கல்கியின் வரலாற்றுப் புதினங்களும் உத்திரமேரூரும்

ஒரே கதையுலகைச் சேர்ந்த பல படைப்புகளை இரண்டு வகையாக வரிசைப்படுத்தலாம். எந்தப் படைப்பு முதலில் மக்கள் கைக்கு வந்தது என்று பார்ப்பது வெளியீட்டு வரிசை. எந்தப் படைப்பில் வரும் நிகழ்ச்சி முதலில் நடந்தது என்று பார்ப்பது கதைக் கால வரிசை. பெரும்பாலான தொடர்களில் இவ்விரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. படைப்பாளி முன்னோக்கி எழுதிக்கொண்டே போவதில்லை. இடையிடையே பின்னோக்கியும் போகிறார்.

இக்காலத்தில் இந்தச் சிக்கலை அதிகம் பேசவைத்தவை மார்வெல் நிறுவனத்தின் அதிநாயகப் படங்களும் தொலைக்காட்சித் தொடர்களுமே. அவற்றில் முதலில் வெளிவந்தது 2008ஆம் ஆண்டின் 'அயர்ன் மேன்'. ஆனால் 2011இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்' இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நடக்கிறது. 2019இல் வந்த 'கேப்டன் மார்வெல்' 1995ஆம் ஆண்டில் நடக்கிறது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளைக் காட்டும் 'ஏஜென்ட் கார்ட்டர்' தொடரையும் சேர்த்துக்கொண்டால் வரிசை மேலும் புரளும். இதைச் சரிசெய்ய 2023இல் அதிகாரபூர்வமான காலவரிசை நூல் ஒன்றே வெளியிடப்பட்டது.

கதைக் கால வரிசையில் பார்ப்பவர் எதை இழக்கிறார் என்பதற்கு ஒரு சிறு சான்று போதும். நிக் ஃபியூரி என்ற பாத்திரம், ஒருவரை நம்பியதால்தான் தன் கண் போனது என்று 2014இல் வந்த படத்தில் கடுமையாகச் சொல்கிறார். அந்தக் கண் உண்மையில் எப்படிப் போனது என்பதை 2019ஆம் ஆண்டுப் படம் வேடிக்கையாகக் காட்டுகிறது. ஐந்து ஆண்டுகள் காத்திருந்தவருக்குத்தான் அந்த வேடிக்கை. 1995ஆம் ஆண்டுக் கதையை முதலில் பார்த்தவருக்கு அங்கே புதிர் எதுவும் இல்லை.

தமிழில் இதே சிக்கல் எண்பது ஆண்டுகளாக இருக்கிறது. அதன் களம் பெரும்பாலும் காஞ்சிபுரமும் அதைச் சுற்றிய தொண்டை மண்டலமும்.

மூன்று புதினங்கள்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) 1941இல் 'கல்கி' இதழைத் தொடங்கினார். அவ்வாண்டே அதில் 'பார்த்திபன் கனவு' தொடராக வரத் தொடங்கி 1943இல் நிறைவுற்றது. அடுத்து 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரையிலும், 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரையிலும் வந்தன. இது வெளியீட்டு வரிசை.

கதைக் காலமோ வேறு. 'சிவகாமியின் சபதம்' முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சியில் தொடங்கி, அவன் மகன் நரசிம்மவர்மன் 642ஐ ஒட்டி வாதாபியை அழிப்பது வரை செல்கிறது. 'பார்த்திபன் கனவு' அதே நரசிம்மவர்மன் முதிர்ந்த அரசனாக இருக்கும் காலத்தில் நடக்கிறது. 'பொன்னியின் செல்வன்' சுந்தர சோழர் ஆட்சியின் இறுதியில், அதாவது ஏறத்தாழ 970ஐ ஒட்டி நடக்கிறது. ஆக, இரண்டாவதாக எழுதப்பட்டதே கதைப்படி முதலாவது.

கல்கி முதலில் மகனின் கதையையும் பிறகு தந்தையின் கதையையும் எழுதினார் என்று சொல்லிவிட முடியாது. இரண்டிலும் மையத்தில் இருப்பவன் மாமல்லன் நரசிம்மவர்மனே. முதல் புதினத்தில் அவன் கப்பம் கேட்கும் பேரரசன். சோழநாட்டுப் பார்த்திபன் கப்பம் கட்ட மறுத்துப் போரில் இறக்கிறான். வாசகரின் பரிவு முதலில் சோழர் பக்கமே செல்கிறது. பல்லவனை மெல்ல மெல்லத்தான் புரிந்துகொள்கிறோம். இரண்டாவது புதினத்தை முதலில் படித்தவருக்கு மாமல்லன் ஏற்கெனவே நெருங்கியவன். அவனுடைய காதல், இழப்பு, போர் எல்லாம் தெரியும். அந்த அறிவோடு 'பார்த்திபன் கனவு' நூலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே பார்வை மாறிவிடுகிறது.

கதைப் புதிரும் கெடுகிறது. 'பார்த்திபன் கனவு' நூலில் ஒரு சிவனடியார் வருகிறார். அவர் யார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் 'சிவகாமியின் சபதம்' படித்தவர் விரைவில் ஊகித்துவிடுவார். ஒற்றைக் கையோடு வரும் கபாலிகனும் அப்படித்தான். முதலில் எழுதப்பட்ட நூலில் அவன் அச்சமூட்டும் புதிர். பின்னர் எழுதப்பட்ட நூல் அவனுடைய முன்கதையாகவும் அமைகிறது.

மாணவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. நரசிம்மவர்மனின் மகளாக வரும் குந்தவியும், சுந்தர சோழரின் மகளான குந்தவையும் வேறுவேறானவர்கள். முன்னவர் கல்கியின் கற்பனை. பின்னவர் கல்வெட்டுகளில் இருப்பவர், இராசராசனின் தமக்கை. இருவருக்கும் இடையே முந்நூறு ஆண்டு இடைவெளி. பார்த்திபனும் விக்கிரமனும்கூடக் கற்பனையே. ஏழாம் நூற்றாண்டில் சோழர்கள் வரலாற்றில் ஏறத்தாழ மறைந்து கிடந்தவர்கள்.

கல்லில் அமைந்த காட்சி வரிசை

காலவரிசைப்படி கதையைப் பார்க்கும் வழக்கம் தொண்டை மண்டலத்துக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் நகரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில், இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதன் திருச்சுற்று மண்டபத்தின் சுவர்களில் பல்லவர் வரலாறு தொடர் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளது. திருமால், பிரமன், முனிவர்கள், துரோணர், அசுவத்தாமன் என்று புராணத்தில் தொடங்கி, அரசர்களின் முடிசூட்டு விழாக்களும் போர்களுமாக நடந்து, நந்திவர்மன் அரியணை ஏறுவது வரை வருகிறது. பார்ப்பவர் நடக்க நடக்கக் காலமும் நகர்கிறது. இச்சிற்பங்களை ஆராய்ந்த சி. மீனாட்சியின் நூல் 1941இல் வெளிவந்தது. 'பார்த்திபன் கனவு' தொடங்கிய அதே ஆண்டு.

இந்த வரிசை எதற்காக அமைக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். நந்திவர்மன் முந்தைய அரசனின் மகன் அல்லன். பல்லவர் குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்து சிறு வயதில் அழைத்துவரப்பட்டவன். அறுபடாத தொடராகக் காட்டவேண்டிய தேவை அவனுக்கு இருந்தது. காலவரிசை என்பது பார்ப்பதற்கு நடுநிலையானதாகத் தோன்றும். அதுவும் ஒருவர் ஒரு காரணத்துக்காக அடுக்கியதுதான்.

முந்நூறு ஆண்டு இடைவெளி

கல்கியின் புதினங்களைக் கதைக் கால வரிசையில் படிப்பவர் 'பார்த்திபன் கனவு' நூலை மூடிவிட்டு 'பொன்னியின் செல்வன்' நூலைத் திறக்கும்போது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளைத் தாண்டுகிறார். தாண்டுவதே தெரியாது. பார்த்திபன் கண்ட கனவு பிற்காலச் சோழர்களால் நிறைவேறியது என்ற இணைப்பு, இடைவெளியை மூடிவிடுகிறது. கதை தொடர்ச்சியாகத் தெரிகிறது. வரலாறு காணாமல் போகிறது. என் கருத்தில், கதைக் கால வரிசையின் பெருங்குறை இதுவே.

அந்த இடைவெளியில் இருக்கும் ஊர்களில் ஒன்று உத்திரமேரூர். பல்லவர் காலத்தில் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலமாக அது வளர்ந்தது. அங்குள்ள வைரமேக தடாகம் என்னும் ஏரி தந்திவர்ம பல்லவனின் சிறப்புப் பெயரைத் தாங்கியது. பல்லவர் ஆட்சி முடிந்து சோழர் ஆட்சி வந்தபோதும் ஊர்ச் சபை தன் முடிவுகளைக் கல்லில் வெட்டிக்கொண்டே இருந்தது. காஞ்சியில் உள்ளதைப் போலவே இங்கும் ஒரு வைகுண்டப் பெருமாள் கோயில் உண்டு. பெயர் ஒன்றானாலும் கோயில் வேறு. முதலாம் பராந்தகனின் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள் இதில்தான் உள்ளன.

குடவோலைக் கல்வெட்டு ஒன்று என்றே பலர் எண்ணுகிறார்கள். அவை இரண்டு. ஒன்று பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 919. மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, 921. முதல் கல்வெட்டு, 30 குடும்புகளிலிருந்து ஓலையிட்டு ஆட்களைத் தெரிவு செய்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவற்றுக்கு அமர்த்தும் முறையைக் கூறுகிறது. இரண்டே ஆண்டுகளில் அம்முறை திருத்தப்பட்டது. முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு இரண்டாவதில் 35 முதல் 70 வரை ஆனது. கணக்குக் காட்டாதவர்கள், அவர்களின் உறவினர்கள், குற்றம் செய்தவர்கள் ஆகியோரை விலக்கும் பட்டியல் நீண்டது. குடத்தில் ஓலைகளை இட்டுக் குலுக்குவது, ஏதுமறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பது, எடுத்த ஓலையை எல்லோர் முன்னும் வாசிப்பது என்று நடைமுறையும் படிப்படியாக எழுதப்பட்டது.

பாடநூல்களில் நாம் படிப்பது பெரும்பாலும் இரண்டாம் கல்வெட்டின் விதிகளை. முடிவான வடிவம் அதுதான் என்பதால் அது இயல்பே. ஆனால் 919ஆம் ஆண்டுக் கல்வெட்டை முதலில் படித்துவிட்டு 921ஐப் படித்தால்தான் ஒரு கேள்வி எழும்: இரண்டு ஆண்டுகளில் என்ன நடந்ததால் இத்தனை விலக்குகள் தேவைப்பட்டன? விதியின் ஒவ்வொரு புதிய வரிக்குப் பின்னாலும் ஒரு தகராறு இருந்திருக்கக்கூடும். (நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆடவர்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி இருந்தது என்பதையும், அந்த ஊர் 'மக்களாட்சியின் தொட்டில்' என்று மேடையில் கேட்கும்போது நினைவில் கொள்வது நல்லது.)

பராந்தகனின் வெற்றிக்காலம் நீடிக்கவில்லை. 949இல் தக்கோலத்தில் அவன் மகன் இராசாதித்தன் இராட்டிரகூடர்களுடன் போரிட்டு இறந்தான். தொண்டை நாட்டுக் கல்வெட்டுகளில் சோழ அரசர் பெயருக்குப் பதிலாகக் கன்னரதேவன், அதாவது மூன்றாம் கிருஷ்ணன் பெயர் வரத் தொடங்கியது. 'பொன்னியின் செல்வன்' கதையில் ஆதித்த கரிகாலன் ஏன் தஞ்சையை விட்டுக் காஞ்சியில் படையோடு இருக்கிறான் என்பதற்கு இந்த இருபது ஆண்டு வரலாறே விடை.

பார்த்திபேந்திரன் யார்?

'பொன்னியின் செல்வன்' நூலில் ஆதித்த கரிகாலனின் நண்பனாகப் பார்த்திபேந்திர பல்லவன் வருகிறான். பல்லவ குலத்தின் கடைசிக் கொழுந்தாக அவனைக் காட்டி, கல்கி தம் முந்தைய இரு புதினங்களின் உலகை மூன்றாவதோடு இணைத்துவிடுகிறார். இப்போதைய அதிநாயகப் படங்கள் ஒரு படத்தின் பாத்திரத்தை மற்றொன்றில் நுழைப்பதைப் போன்ற உத்தி இது.

இந்தப் பெயர் முழுக் கற்பனை அன்று. 'வீரபாண்டியன் தலைகொண்ட பார்த்திவேந்திரவர்மன்' என்ற அரசனின் கல்வெட்டுகள் தொண்டை நாட்டில் கிடைத்துள்ளன; அவற்றில் பல உத்திரமேரூரில் உள்ளவை. வீரபாண்டியன் தலைகொண்டவன் என்ற பட்டம் ஆதித்த கரிகாலனுக்கும் உண்டு. ஆகவே இருவரும் ஒருவரே என்று சில ஆய்வாளர்கள் கருதினர். பார்த்திவேந்திரனின் கல்வெட்டுகள் 13ஆம் ஆட்சியாண்டு வரை செல்கின்றன. கரிகாலனின் கல்வெட்டுகளோ சில ஆண்டுகளோடு நின்றுவிடுகின்றன. எனவே இருவரும் வேறுவேறானவர்கள் என்று மற்றவர்கள் வாதிட்டனர். இருவரையும் தனித்தனி ஆட்களாகவும் நண்பர்களாகவும் ஆக்கியது கல்கியின் தீர்வு. புதினத்துக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. அதையே வரலாற்றின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்தான் பிழை.

இந்தக் குழப்பத்துக்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. இக்கல்வெட்டுகள் பொதுவான ஆண்டுக் கணக்கில் எழுதப்படவில்லை. இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு என்று மட்டுமே கூறுகின்றன. அரசன் யார் என்பது ஐயமானால் ஆண்டும் ஐயமாகிவிடும். அவற்றை ஒரு கோட்டில் நிறுத்தியது பிற்கால ஆய்வாளர்களின் உழைப்பு. அந்த உழைப்பின் பயனான கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும், தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறும் கல்கிக்குக் கைகொடுத்தன.

நிகழ்ச்சி ஒரு காலத்திலும் அதைப் பற்றிய ஆவணம் வேறொரு காலத்திலும் இருப்பதும் வழக்கம். மணிமங்கலம் முதலிய இடங்களில் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்றதைக் கூறும் கூரம் செப்பேடு, அவனுடைய பேரன் பரமேசுவரவர்மன் வெளியிட்டது. கூரமும் மணிமங்கலமும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்களே. ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் முதலியோரின் பெயர்களைத் தரும் உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டில், கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் வெட்டப்பட்டது. அதுவும் கொலையை விவரிப்பதற்காக அன்று. அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலம் கைமாறியதைப் பதிவதற்காக.

எந்த வரிசையில் படிப்பது?

முதன்முறை படிப்பவர் வெளியீட்டு வரிசையில் படிப்பதே நல்லது: 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்'. புதிர்கள் காக்கப்படும். மூன்று சிறு பாகங்களில் தொடங்கிய கல்கி, நான்கு பாகங்களுக்கும் பிறகு ஐந்து பெரும் பாகங்களுக்கும் எப்படி விரிந்தார் என்பதும் தெரியும். மறுமுறை படிக்கும்போது கதைக் கால வரிசையை எடுத்துக்கொள்ளலாம். அப்போது இரண்டாவது நூலுக்கும் மூன்றாவது நூலுக்கும் நடுவே உத்திரமேரூரின் இரு கல்வெட்டுகளையும், தக்கோலப் போரையும் பற்றி வகுப்பு நூலில் உள்ளதையாவது படித்துக்கொள்ள வேண்டும்.

பிறர் எழுதிய தொடர்ச்சிகளும் உண்டு. விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி', 'பொன்னியின் செல்வன்' விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பாலகுமாரனின் 'உடையார்' இராசராசன் பெரிய கோயில் எழுப்பிய காலத்தைப் பேசுகிறது. இவை வேறு ஆசிரியர்களின் பார்வைகள் என்பதால் கல்கியின் வரிசையோடு கலக்காமல் தனியே வைப்பது தெளிவு.

திரைப்படமாகப் பார்ப்பவருக்கு வரிசைச் சிக்கல் குறைவு. 'பார்த்திபன் கனவு' 1960இல் டி. யோகானந்த் இயக்கத்தில், ஜெமினி கணேசனும் வைஜெயந்திமாலாவும் நடிக்க வெளிவந்தது. மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022 செப்டம்பர் 30, 2023 ஏப்ரல் 28 ஆகிய நாள்களில் இரு பாகங்களாக வந்தது. அதில் விக்ரம் பிரபு நடித்த பார்த்திபேந்திரன் பாத்திரத்தைப் பார்த்தவர்கள், அப்பெயரின் மூலத்தைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் காணலாம். ஏரி, நிலம், கோயில் விளக்கு, ஊர்ச் சபையின் முடிவு என்று அன்றாடச் செய்திகளுக்கு நடுவே அவன் பெயர் ஆட்சியாண்டு எண்ணோடு வருகிறது.