அந்தச் சகோதரி யார்?

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், மல்லூர் தாண்டியதும் இடது பக்க ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்வது நல்லது. தூரத்தில் கொல்லிமலை நீலமாகக் கூடவே வரும். ராசிபுரத்துக் கைகாட்டியைக் கடந்தால் எதிரே முட்டை லாரிகள் வரத் தொடங்கும். முப்பது குழி வைத்த சாம்பல் நிறத் தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, வானளாவ அடுக்கியிருப்பார்கள்.

அந்தத் தட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் அத்தைப் பாட்டியின் ஞாபகம் வந்துவிடும். முட்டைக்கும் அத்தைப் பாட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவள் ஆயுளில் ஒரு நாளும் முட்டையைத் தொட்டவள் அல்ல. சம்பந்தம் முட்டையில் இல்லை, தட்டில் இருக்கிறது. பழைய காகிதத்தை ஊறவைத்து, கூழாக்கி, அச்சில் வார்த்து, காயவைத்து எடுப்பதுதான் அந்தத் தட்டு.

அத்தைப் பாட்டி என் தகப்பனாரின் அத்தை. பத்து வயதில் விதவையாகி, நாமக்கல் கோட்டை மலைக்குக் கீழே இருந்த எங்கள் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அதற்குப் பிறகு அந்த வீட்டைவிட்டு அவள் போன இடங்கள் ஆஞ்சநேயர் கோயிலும் கமலாலயக் குளமுமே. ஆனால் அவளுக்கு வாசிக்கத் தெரியும். பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாக எடுத்து, கோணி ஊசியால் தைத்து, பசை தடவி, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டிப் புத்தகமாக்கிவிடுவாள். அப்படிச் சேர்ந்தவை ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய இருந்தன.

அந்தப் பெட்டியில் அவளே எழுதிய ஒரு கதையும் இருந்தது. மாதர் பத்திரிகை ஒன்றில் அச்சானது. தலைப்புக்குக் கீழே ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், 'ஒரு சகோதரி, நாமக்கல்' என்று மட்டும் போட்டிருந்தது. வீட்டில் என் தகப்பனார் ஒருவருக்குத்தான் விஷயம் தெரியும். அவர் ஒரு தடவை என்னிடம் காட்டினார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கதையைவிட, பக்கத்தில் இருந்த பல்பொடி விளம்பரத்துப் படம்தான் எனக்கு நினைவிருக்கிறது.

1991ஆம் வருஷம் வீட்டை விற்றோம். பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது பாதிக்குமேல் கரையான் அரித்திருந்தது. பழைய பேப்பர்க்காரர் தராசைத் தூக்கிப் பிடித்தார். எடைக்கான பணத்தை எண்ணி வாங்கியவன் நான்தான். அந்தச் சமயத்தில் என் பெயரைப் போட்டு இரண்டு நாவல்கள் அச்சாகியிருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன பயன்?

இந்தக் கதையை எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் தங்கையின் பேத்தி. சென்னையில் ஆராய்ச்சி மாணவி. ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், நூறு வருஷத்துக்கு முந்திய பெண்கள் எழுத்துக்களைக் கணினியில் ஏற்றும் வேலையில் தோழிகளோடு ஈடுபட்டிருக்கிறாள். கோடை விடுமுறைக்குச் சேலத்துக்கு வந்தவளிடம் பெருமையாக, "நம் குடும்பத்திலும் ஒரு கதாசிரியை இருந்தாள், தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு இரண்டே கேள்விகள் கேட்டாள்.

"எந்தப் பத்திரிகை, தாத்தா? எந்த வருஷம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

சேலத்துக்காரனான நான் அந்தக் கேள்விக்கு முன்னால் தலை குனிந்ததில் ஒரு விசேஷம் உண்டு. கேள்வி கேட்பதில் பெயர்பெற்ற ஊர் எங்கள் ஊர். 1880ஆம் வருஷம் அக்டோபர் மாதம், கும்பகோணத்தில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஓர் இளம் தமிழாசிரியர் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஆசிரியர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அந்த இளம் ஆசிரியர்தான் உ. வே. சாமிநாதையர். அன்று பிறந்த வெட்கமும் வேகமும் அவரை ஊர் ஊராக ஏடு தேட வைத்தன. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1894இல் புறநானூறு வந்தது. கேள்வி கேட்ட முதலியார் 1892இலேயே காலமாகிவிட்டார். தம் கேள்வி எவ்வளவு தூரம் போயிற்று என்பதை அவர் முழுதும் பார்க்கவில்லை.

புறநானூறு அச்சேறியதால் யார் யார் பிழைத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதியமானும் பாரியும் மட்டுமா? தகடூர் அதியமானைப் பாடிய ஔவையும் பிழைத்தாள். அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. 1965 வரையில் எங்கள் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ஔவை என்றால் தாய், மூதாட்டி என்றுதான் அர்த்தம். காக்கையைப் பாடியதால் இன்னொருத்திக்குக் காக்கைபாடினியார் என்று பெயர். நச்செள்ளையார் என்ற பெயரும் நல்லவேளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்திலேயே பெண்பாற் புலவருக்குப் பெயர் என்பது சற்றுச் சந்தேகமான சொத்துதான். ஆனாலும் பாட்டைத் தொகுத்தவர் ஒருவர் இருந்தார். பாடினவர் இன்னார் என்று அடியில் எழுதி வைத்தார். அந்த ஒரு குறிப்பு இல்லாவிட்டால் இன்று பெண்கள் பாடியவை எவை என்று பிரிக்கவே முடியாது.

ஓலைக்கு நேர்ந்த கதி அச்சுக்கு நேராது என்று நினைத்தோம். அதுதான் தவறு. பெண்கள் எழுதியது பெரும்பாலும் பத்திரிகைகளில். 1899இல் 'மாதர் மனோரஞ்சனி' தோன்றியது. 1905இல் பாரதியாரை ஆசிரியராகக் கொண்டு 'சக்கரவர்த்தினி' வந்தது. எங்கள் சமவெளிக்கு அண்டை ஊரான ஈரோட்டிலிருந்து 1925இல் புறப்பட்ட 'குடி அரசு' பத்திரிகையிலும் பெண்கள் எழுதினார்கள். பைண்டு செய்த புத்தகத்துக்கு வீட்டில் அலமாரி உண்டு. மாதப் பத்திரிகைக்குப் பரண்தான். போதாததற்கு, மரக்கூழில் செய்த மலிவுக் காகிதத்துக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. கரையான் வராவிட்டாலும் அது தானாகப் பழுத்து, தானாக ஒடிந்துவிடும்.

1925ஆம் வருஷத்தில் வேறொன்றும் நடந்தது. வை. மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி'யை எடுத்து நடத்த ஆரம்பித்தார். 1901இல் பிறந்தவர், ஐந்து வயதிலே விவாகம், பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. 1924இல் வெளிவந்த முதல் நாடகமான 'இந்திரமோகனா'வை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் அவருடைய தோழி பட்டம்மாள். பிறகு முப்பத்தைந்து வருஷம் பத்திரிகை, நூற்றுப் பதினைந்து நாவல்கள், மேடைப் பேச்சு, 1932இல் சிறைவாசம். 1960இல் மறைந்தார். இவ்வளவையும் நம்மில் பலர் ஒரு வரியில் அறிவோம். அந்த நூற்றுப் பதினைந்தில் எத்தனை படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் மாதிரி யாராவது கேட்டால், நானும் நீங்களும் அந்தாதி கலம்பகம் என்று முணுமுணுக்க வேண்டியதுதான்.

கோதைநாயகி அம்மாளுக்காவது பெயர் நின்றது. மற்றவர்கள்? புனைபெயருக்குள் இருந்தவர்களில் சிலரை நமக்குத் தெரியும். 'குமுதினி' என்பவர் ஸ்ரீரங்கத்து ரங்கநாயகி. மோகனூரிலிருந்து காவிரியின் வடகரையோடு கிழக்கே போனால் வரும் தொட்டியத்துப் பெண் டாக்டர் திரிபுரசுந்தரி, 'லக்ஷ்மி' ஆனார். 1984இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றார். அவர்கள் தொடர்ந்து எழுதினார்கள். பெயர் வெளியே வந்தது. ஒரே ஒரு கதை எழுதிவிட்டு அடுப்பங்கரைக்குத் திரும்பிப்போனவளுக்கு யார் இருக்கிறார்கள்? 'ஒரு சகோதரி' என்றும், இன்னாருடைய பத்தினி என்றும், ஊரின் பெயரும் இரண்டு எழுத்துமாகவும் கையெழுத்திட்டவர்கள் எத்தனையோ பேர். வெட்கம் பாதி, வீட்டாருக்குப் பயம் பாதி.

இப்போது என் தங்கையின் பேத்தி செய்கிற வேலைக்கு வருகிறேன். படம் பிடிப்பது அதில் சுலபமான பாகமாம். ஒடியும் தாளை மெத்தென்ற தாங்கியில் வைத்து, மேலிருந்து காமிராவால் எடுத்துவிடலாம். துருப்பிடித்த ஊசியை முதலில் பக்குவமாகக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கணினி எழுத்துக்களைத் தானே படிக்கவேண்டும். அங்கேதான் தொல்லை. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததற்கு முந்திய அச்சில் 'லை', 'னை' எல்லாம் யானைத் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 'ணா', 'றா', 'னா' மூன்றும் சுழித்துக்கொண்டு கிடக்கும். மை பரவிய இடத்தில் புள்ளி எது, பூச்சி அரித்த துளை எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே ஒரு பெண் உட்கார்ந்து வரி வரியாக ஒத்துப்பார்க்கிறாள். எழுத்துப் பிழைபார்ப்பதில் கண் போய்விடும் போலிருக்கிறது என்றாள். ஆனால் அப்படிப் படித்ததால்தான், இதுவரை யாரும் படிக்காத கதைகளை முதல் தடவையாகப் படித்தவள் நான் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் களைப்பு இல்லை.

மேல்நாட்டிலும் இது இப்படித்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே, ஆங்கிலத்தில் ஆரம்ப காலத்துப் பெண்கள் எழுதியவற்றை மாணவர்களைக் கொண்டு கணினியில் ஏற்றத் தொடங்கினார்கள். 2013இல் அந்த ஏற்பாடு நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது, வேலை நிற்கவில்லை. நம் பக்கத்தில் அப்படி ஒரு பெரிய ஏற்பாட்டுக்கு வழி திறந்தவர் பல்கலைக்கழகத்தார் அல்ல; விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த செட்டிநாட்டுக்காரர் ஒருவர். கோட்டையூர் ரோஜா முத்தையா. மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் அவர் விலைக்கு வாங்கினார். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், மாதர் பத்திரிகை எதையும் மட்டமென்று தள்ளவில்லை. 1992இல் அவர் மறைந்தபின், சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் 1994இல் சென்னையிலேயே நூலகமாக்க வழி செய்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் மின்னூலகம் திறந்தபின், பழைய பத்திரிகை பலவற்றை நாமக்கல்லில் உட்கார்ந்தபடியே புரட்டலாம். என் அத்தைப் பாட்டி கேட்டால் நம்பமாட்டாள்.

அப்படியானால் கவலை தீர்ந்ததா? தீரவில்லை. பேத்தி தன் கணக்கேட்டைக் காட்டினாள். ஒவ்வொரு கதைக்கும் தலைப்பு, பத்திரிகை, மாதம், பக்கம், ஆசிரியர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஆசிரியர் என்ற கட்டத்தில் 'ஒரு சகோதரி', 'ஒரு சகோதரி', 'ஒரு மாது', மறுபடியும் 'ஒரு சகோதரி'.

"இதையெல்லாம் எப்படித் தேடுவது, தாத்தா? கணினியில் 'சகோதரி' என்று தட்டினால் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். யார் என்று சொல்ல அந்தந்த வீட்டில் யாராவது இருந்தால்தான் உண்டு."

அவள் சொன்னது எனக்கு உறைத்தது. காகிதத்தைக் காப்பாற்ற இயந்திரம் வந்துவிட்டது. பெயரைக் காப்பாற்ற இயந்திரம் கிடையாது. அந்தப் பெயர் தெரிந்த கடைசி மனிதர்கள் சேலத்திலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை, இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று இருந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். சேலத்தில் 1997இலிருந்து ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. ஊருக்கு ஊர் கல்லூரிகள் இருக்கின்றன. விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர்கள் தங்கள் பாட்டிமாரிடம், "உங்க காலத்துலே நம்ம வீட்டிலே யாராவது எழுதினாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். முதலியார் கேட்டதும் அவ்வளவுதான்.

பேத்தி ஊருக்குப் புறப்படுமுன், அத்தைப் பாட்டியின் முழுப் பெயரையும் நாமக்கல் வீட்டு விலாசத்தையும் அவள் பிறந்த வருஷத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். பல்பொடி விளம்பரத்தைக்கூட விடவில்லை. அது என்ன பல்பொடி, படத்தில் இருந்தது ஆணா பெண்ணா என்று துருவித் துருவிக் கேட்டாள். அந்த விளம்பரம் வந்த பக்கத்தை வைத்தே ஒருவேளை பத்திரிகையைப் பிடித்துவிடலாமாம். இதுவரை பிடிபடவில்லை. ஒருவேளை அகப்படாமலே போகலாம். எங்கள் வீட்டுப் பிரதிதான் கடைசிப் பிரதியாக இருந்திருக்கவும் கூடும்.

அத்தைப் பாட்டியின் பெயரை இங்கே எழுதிவிட எனக்குக் கை துறுதுறுக்கிறது. எழுதப் போவதில்லை. அந்தப் பெயர் வரவேண்டிய இடம் என் கட்டுரை அல்ல. அவள் எழுதிய கதையின் தலைப்புக்குக் கீழே.