முத்துக் கட்டியும் நீரின் நடமாட்டமும்

மூளையிலே தோன்றும் கட்டிகள் யாவும் புற்று அல்ல. கருவளரும் பருவத்தில் புறத்தோலின் உயிரணுக்கள் சில மண்டையோட்டின் உள்ளே சிக்கிவிடுவதுண்டு. சிக்கியவை தோலின் இயல்பை விடுவதில்லை. செதிள் உதிர்த்து உதிர்த்து, ஆண்டுக்கணக்கில் மெல்லப் பருக்கின்றன. வெண்மையாய் மின்னும் இக்கட்டியைப் பிரெஞ்சு மருத்துவர் குருவெயியே 1829-ஆம் ஆண்டிலே முத்துக்கு ஒப்பிட்டார். அழகிய பெயர்தான், ஆனால் அது நரம்புகளையும் குருதிக் குழாய்களையும் சுற்றிப் படர்வது.

இதனைப் போலவே தோற்றும் வேறொன்றும் உண்டு. அது மூளையைப் போர்த்திருக்கும் சிலந்திவலைச் சவ்வில் உண்டாகும் வெறும் நீர்ப்பை. முன்னதைப் பெரும்பாலும் அறுத்தெடுக்க வேண்டும். பின்னதையோ பலவேளைகளில் தொடாமலே விடலாம். சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டும் நீராகவே தென்படுமாயின், மண்டையோட்டைத் திறப்பதா, விடுவதா?

விடைக்கான வித்து 1827-இல் விழுந்தது. மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாது துடிப்பதை ரொபேட் பிரவுண் கண்டார். அத்துடிப்பு நீர் மூலக்கூறுகளின் மோதலால் நிகழ்வதென 1905-இல் ஐன்ஸ்ரைன் கணித்துக் காட்டினார். மூலக்கூறுகளின் அலைச்சல் காந்த ஒத்ததிர்வின் எதிரொலியை நலிவிக்கும் என்பதை 1950-இல் ஏர்வின் ஹான் அறிந்தார். 1965-இல் ஸ்ரெஸ்கலும் ரானரும் அவ்வலைச்சலை அளக்கும் முறையை வகுத்தனர்.

பாரிஸ் நகரில் 1984-இல் இளம் மருத்துவர் லெ பியான் இதனை ஈரற்கட்டிகளுக்குப் பயன்படுத்த முயன்றார். மூச்சோடு ஈரலும் அசைந்தமையால் முயற்சி பலிக்கவில்லை. அசையாத மூளையை நாடினார். அடுத்த ஆண்டிலே படங்கள் கிடைத்தன. முத்துக் கட்டியை நீர்ப்பையினின்றும் இம்முறையால் வேறுபடுத்தலாம் என்பதை 1990-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர்.

இதன் சூட்சுமம் எளிது. முதலாவது காந்தத் துடிப்பு நீர் மூலக்கூறுகளுக்கு அடையாளமிடுகிறது. இரண்டாவது அதனை அழிக்கிறது. இடம் பெயராதவற்றின் ஒலி மீளுகிறது. பெயர்ந்தவற்றின் ஒலி சிதறுகிறது. பையிலுள்ள நீர் தடையின்றித் திரிவதால் படத்தில் கருமையாகிறது. செதிளடுக்குகளின் இடையே கட்டுண்ட நீரோ வெளிச்சமாய்த் தெரிகிறது.

வெளிச்சம் ஒன்றையே நம்பிவிடவும் இயலாது. சீழ்க்கட்டியும் அவ்வாறே ஒளிரும். மூளையுறைக் கட்டிகளில் தீயதையும் தீங்கற்றதையும் இம்முறை மட்டும் உறுதியாகப் பிரித்துரைப்பதில்லை. ஆயினும் அறுவைக்குப்பின் நரம்பிடுக்கில் எஞ்சிய முத்துத் துணுக்கைத் தேடும்பொழுது, மருத்துவர் முதலில் நோக்குவன இப்படங்களையே.