குறுங்கோள் பிறந்த கதை

கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் இருக்கும் சாமுவேல் ஓஷின் தொலைநோக்கி, 2003 அக்டோபர் 21 இரவு வானின் ஒரு துண்டை மூன்று முறை படம் பிடித்தது. நட்சத்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். சூரியனைச் சுற்றும் பொருளானால் படத்துக்குப் படம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். அந்த நகர்வைக் கண்டுபிடிப்பது கணினியின் வேலை. தூரம் கூடக் கூட நகர்வு குறையும். ஆனால் மிக மெதுவாக நகர்வதாகத் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை வெறும் பிழைகள். அவற்றைத் தள்ளிவிடும்படி கணினிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அப்படித் தள்ளப்பட்டதில் ஓர் உண்மையான புள்ளியும் போயிற்று.

அந்த நவம்பரில் செட்னா என்ற தொலைதூரப் பொருள் கிடைத்தது. வேக வரம்பைச் சற்றே தாண்டியதால்தான் அது சிக்கியது. அதைவிட மெதுவானவை எத்தனை விட்டுப்போயினவோ என்று வானியலாளர்கள் மைக் பிரவுன், சாட் ட்ருஜிலோ, டேவிட் ரபினோவிட்ஸ் குழு பழைய படங்களை மறுபடி அலசியது. 2005 ஜனவரி 5 அன்று அந்தப் புள்ளி அகப்பட்டது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் சுமார் 97 மடங்கு தொலைவு; ஒரு சுற்றுக்கு 550 ஆண்டுகளுக்கு மேல். அதுதான் ஏரிஸ்.

முதல் கணக்கில் அது புளூட்டோவைவிடப் பெரிதாகத் தெரிந்தது. புளூட்டோ கோள் என்றால் இது பத்தாவது கோள். நெப்டியூனுக்கு அப்பால் கைப்பர் பட்டையிலோ 1992 முதல் பனிப்பொருள்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்து வந்தன. எதுவரை எண்ணுவது? கோள் என்றால் என்ன என்று அதுவரை யாரும் முறையாக வரையறுக்கவில்லை.

2006 ஆகஸ்டில் பிராகில் சர்வதேச வானியல் ஒன்றியம் கூடியது. சிறுகோள் செரஸ், புளூட்டோவின் துணைக்கோள் சாரோன், ஏரிஸ் மூன்றையும் சேர்த்துக் கோள்களைப் பன்னிரண்டாக்கும் வரைவு முதலில் வந்தது. எதிர்ப்பில் அது நிற்கவில்லை. ஆகஸ்ட் 24 அன்று மஞ்சள் அட்டைகளை உயர்த்தி வாக்களித்தார்கள். சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும். தன் பாதையில் குறுக்கிடும் சில்லறைப் பொருள்களை அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். இம்மூன்றும் இருந்தால் கோள். மூன்றாவது மட்டும் இல்லாமல், துணைக்கோளாகவும் இல்லாவிட்டால் குறுங்கோள்.

புளூட்டோ இறங்கியது. 1801-இல் கண்டறியப்பட்டு, சில காலம் கோளாக இருந்து, பிறகு சிறுகோளாகிப்போன செரஸ் ஒரு படி ஏறியது. 2008-இல் மேக்மேக்கும் ஹவுமேயாவும் சேர, பட்டியல் ஐந்தானது.

2010-இல் ஒரு நட்சத்திரத்தை ஏரிஸ் மறைத்தபோது அதன் விட்டம் சுமார் 2,326 கி.மீ. என்று தெரிந்தது. 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அளந்த புளூட்டோவுக்கோ சுமார் 2,377 கி.மீ. நிறையில்தான் ஏரிஸ் கால் பங்குக்கு மேல் கூடுதல். பெரிது என்பதால் எழுந்த வழக்கில், பெரியது புளூட்டோவாகவே இருந்துவிட்டது. அதனால் தீர்ப்பு மாறவில்லை. அந்த மூன்று விதிகளில் ஒன்றுகூட விட்டத்தைக் கேட்கவில்லை.